ஓரத்தில் அரை இஞ்ச்

உப்புப் போடப் போன இடத்தில் என் மனைவி காணாமல் போனாள்.

மொபைலில்தான். இரும்புச் சட்டியில் உளுந்து சிவந்துகொண்டிருந்தது. சந்திரா ஒரு கை கல்லுப்பை எடுத்தாள். "இதுல முக்கியமான விசயம் என்னன்னா" என்று வாயைத் திறந்தாள். அடுத்த நொடி மிக்ஸி ஓடியது. சந்திரா இல்லை. முக்கியமான விஷயமும் இல்லை.

அவள் மொபைலைப் பிடுங்கி மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே இடத்தில் காணாமல் போனாள்.

"நான் எங்க?" என்றாள்.

"வெட்டிட்டேன்."

"என்னையவா?"

"பேச்ச மட்டும்."

"மூணு நிமிசம் பேசுனேன். இதுல நாப்பது செகண்டு இருக்கு. அதுலயும் கரண்டிதான் கிண்டுது. நான் எங்க?"

"கை வருதுல்லா" என்றேன்.

"கை வருதாம்லா, கை. என் வாய அடைக்க ஊர்ல யாராலயும் முடியல. நீங்க ஒத்த விரல்ல அடைச்சிட்டிய."

புகார் மாதிரியும் இருந்தது, பாராட்டு மாதிரியும் இருந்தது. நான் "ம்" என்றேன்.

இந்தத் தொடரின் முதல் வாரத்தில், நான் குறைவாகப் பேசுகிறவன் என்று எழுதியிருந்தேன். அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "குறைவாவா? அதுக்கும் கொஞ்சம் பேசணும்லா" என்றாள். அப்போது திருத்தம் போட இடம் கிடைக்கவில்லை. இப்போது போட்டுக்கொள்கிறேன்.

மாமி கேட்டது

நாங்கள் இருப்பது மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்ப். கீழே ஓர் அறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. மேலே இருப்பதை மாலா என்போம். சந்திரா வறுப்பது இடிப்பதெல்லாம் அங்கேதான்.

என் தொழில் துணி வெட்டுவது. தாராவியில் ஒரு கார்கானாவில், அதாவது தையல் பட்டறையில், பள்ளிக்கூட யூனிஃபாரம் வெட்டுகிறேன். கட்டிங் மாஸ்டர் என்பார்கள். நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஆரம்பத்தில் யாராவது 'மாஸ்டர்' என்று கூப்பிட்டால், யார் வந்தது என்று நானும் திரும்பிப் பார்ப்பேன்.

சந்திரா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் காலைச் சமையல் செய்கிறாள். ரயில் பாலத்தில் ஏறி இறங்கினால் அந்தப் பக்கம். அந்த வீடுகளுக்குச் சாமான் வாங்குவது ஒரு மளிகைக் கடையில். கடை ஒரு பாலக்காட்டு மாமியுடையது. மாமி கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சந்திரா சீட்டை நீட்டுவாள். பதினோரு வருஷமாக இது நடக்கிறது.

ஒரு நாள் வேலை செய்யும் வீட்டுக்கு இட்லிப் பொடி செய்து கொடுத்தாள். எதிர் வீட்டில் கேட்டார்கள். மாடி வீட்டில் கேட்டார்கள். பொடி நடந்து நடந்து மாமியின் கடைக்கே போய்விட்டது. மாமி தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏம்மா, இது நீ பண்ணினதா?"

"ஆமா மாமி."

"நவராத்திரிக்கு முன்னாடி ரேக்கெல்லாம் மாத்தப் போறேன். பொடி போட்டுண்டிருந்தவர் நிறுத்திட்டார், கேட்டயா. ஆனா இப்ப வரவாள்லாம் கேள்வி கேக்கறா. யார் பண்றா, எங்க பண்றா, சுத்தமா இருக்குமான்னு. நீ பண்றதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. ரெண்டு நிமிஷம் போறும். பாத்துட்டுச் சொல்றேன்."

பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் சந்திரா லேபிள் அடித்து முடித்துவிட்டாள். மனதுக்குள். பச்சை எழுத்தில் 'சந்திரா இட்லிப் பொடி'.

வேலை வீடுகளில் அவளைச் சமையல்காரம்மா என்பார்கள். கடையில் ஏம்மா. லேபர் கேம்ப்பில் மலர் அம்மா. அவள் பேர் எழுதிய பொருள் வீட்டில் ரேஷன் கார்டு ஒன்றுதான்.

"அந்த ரேக்குல என் பேரு நிக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

வேறு எதையும் அவள் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

கத்தரிக்கோல் படம்

எங்கள் மகள் மலர் கல்யாணமாகி கோபர்கைரனேயில் இருக்கிறாள். முன்பு வீட்டில் வீடியோ வேலையெல்லாம் அவளுடையது. அவள் போனபின் என் மொபைலில் வீடியோ வெட்டும் ஆப் சும்மா கிடந்தது. சந்திராவின் மொபைல் பட்டன் வைத்தது. ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. சந்திரா பொடி செய்வதை எடுத்தேன். வெட்டுவதற்கு மலர் போனிலேயே பாடம் நடத்தினாள்.

"எப்பா, கீழ ஒரு பட்டி மாதிரி தெரியுதா? அதான் க்ளிப்பு. அதத் தொடுங்க."

தொட்டேன். அதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வந்தது.

"ரெண்டு ஓரமும் தடிமனா இருக்குல்லா, அதப் புடிச்சு உள்ள தள்ளுங்க. வேண்டாதது போயிரும். அதுக்குப் பேரு ட்ரிம்மு."

தள்ளினேன். சந்திரா ஏணியில் ஏறி வருவது போயிற்று. சட்டிக்கு முன்னால் நேராக வந்து நின்றாள்.

"இப்ப நடுவுல ஒரு கோடு நிக்கும். வெட்ட வேண்டிய இடத்த நகத்தி அந்தக் கோட்டுக்குக் கொண்டாங்க. கத்தரிக்கோல் படம் இருக்கும். அழுத்துங்க. அது ஸ்ப்ளிட்டு."

கத்தரிக்கோலைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை.

"வெட்டலையே."

"வெட்டிருக்கும்பா. நல்லாப் பாருங்க, ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். ஸிர்ஃப் கட் ஆயிருக்கு, டெலிட் ஆகல. வேண்டாத துண்டத் தொட்டு, குப்பைத் தொட்டிய அழுத்துங்க."

அழுத்தினேன். துண்டு போனது. மிச்சம் இருந்தவை தானாக நகர்ந்து ஒட்டிக்கொண்டன. நூல் இல்லை, ஊசி இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

"போனது போனதுதானா?"

"அரே எப்பா, டென்ஷன் ஆகாதிய. வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்கும், அத அழுத்துனா திரும்பி வந்துரும். ட்ரிம் பண்ணதயும் ஓரத்தப் புடிச்சு வெளிய இழுத்தா வளரும்."

இழுத்தேன். வளர்ந்தது. சந்திரா மறுபடியும் ஏணியில் ஏறி வந்தாள்.

முப்பத்தைந்து வருஷமாகத் துணி வெட்டுகிறேன். வெட்டின துணி வளர்ந்து பார்த்ததில்லை. அன்று மத்தியானம் முழுக்க ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தேன். சந்திரா நாற்பது தடவை ஏணி ஏறியிருப்பாள்.

"விடுங்க. பாக்க எனக்கே முட்டு வலிக்கி" என்றாள் பக்கத்தில் இருந்த சந்திரா.

மலர் கடைசியாக ஒன்று சொன்னாள். "டைட்டா வெட்டுங்கப்பா. யாருக்கும் டைம் கிடையாது."

டைட்டாக வெட்டினேன். அதில் போனதுதான் மேலே சொன்ன உப்பு.

நானூறு இடது கைகள்

ஒட்ட வெட்டுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. துணியில் அது குற்றம். எந்தத் துண்டை வெட்டினாலும் தையலுக்கென்று ஓரத்தில் அரை இஞ்ச் விட வேண்டும். அந்த அரை இஞ்ச் உள்ளே மடிந்துவிடும். சட்டை போடுகிறவன் அதைப் பார்க்கவே மாட்டான். அது இல்லாவிட்டால் சட்டையே இல்லை.

தொழிலில் நான் ஒரே ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் சந்திரா சொல்வாள்.

கார்கானாவில் சேர்ந்த புதிது. துணியை அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே அளவு அட்டையை வைத்து, ஓடுகிற கத்தியால் மொத்தமாக வெட்டுவோம். சட்டைக் கைக்கு, ஒரு பக்கம் வெட்டியதும் அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் மறு கை வரும். நான் திருப்பவில்லை. இருநூறு சட்டை. நானூறு இடது கை.

சேட் வந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். கோபப்படவில்லை. "மாஸ்டர், இந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? நானும் போய்ப் பார்க்க வேண்டும்" என்றார் இந்தியில்.

வீட்டில் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துவிட்டது. இன்றைக்கும் நான் ஏதாவது தவறாகச் செய்தால் சந்திரா திட்டமாட்டாள். "இடது கை" என்பாள். அவ்வளவுதான். பால் பொங்கி வழிந்தாலும் இடது கை. ரயிலில் எதிர்ப் பக்கம் ஏறினாலும் இடது கை.

அன்று உப்பு போனதற்கும் அதுதான் சொன்னாள்.

நான் யோசித்தேன். மலர் பேச்சைக் கேட்டு ஒட்ட வெட்டியதுதான் தப்பு. துணியானாலும் வீடியோவானாலும் துண்டு துண்டுதான். துண்டையும் துண்டையும் சேர்க்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் அரை இஞ்ச் விட வேண்டும். இதை மலரிடம் கேட்கவில்லை. இது என் தொழில் விஷயம்.

வணக்கம் மாமி

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் புதிதாக எடுத்தோம். சந்திரா பச்சைச் சேலை கட்டினாள். லேபிளும் பச்சை, சேலையும் பச்சை. மாலாவில் ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. மிளகாய் வறுக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்தும் தும்மல் கேட்டது.

நான் எடுக்கும் முறை இது. முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவேன். வீடியோ ஓடும். கொஞ்ச நேரம் கழித்து விரலைத் தூக்கிக் காட்டுவேன். அவள் ஆரம்பிப்பாள். முடிந்ததும் விரலை இறக்குவேன். அவள் நிறுத்துவாள். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பொத்தானை மறுபடி அழுத்தி நிறுத்துவேன். கத்தியை ஓட விட்ட பிறகுதான் துணிக்குள் நுழைப்போம். துணியை விட்டு வெளியே வந்த பிறகுதான் நிறுத்துவோம். அதே பழக்கம்.

விரல் தூக்கினால்தான் வீடியோ ஓடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. கேட்கவில்லையே.

விரல் தூக்குவதற்கு முன்னால் அவள் பேசிக்கொண்டிருந்தாள். விரல் இறக்கிய பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று நான் கவனிக்கவில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம். கல்யாணமாகி ஊரிலிருந்து வந்தபோது, திருநெல்வேலியில் ரயில் ஏறியதும் ஒரு கதையை ஆரம்பித்தாள். தாதரில் இறங்கும்போது அது பாதியில் இருந்தது. இன்னும் முடியவில்லை.

ஐந்து க்ளிப் வந்தது. உளுந்து, மிளகாய், உப்பு, மிக்ஸி, பாக்கெட்.

ஸ்கேல்

செவ்வாய்க்கிழமை கார்கானாவில் இருந்தேன். பதினொன்றரை மணிக்கு மாமியிடமிருந்து குரல் பதிவு வந்தது. மொபைலைக் காதோடு அழுத்திக் கேட்டேன்.

"ஏம்மா, வீடியோ இன்னும் வரலையே. இன்னிக்கு மத்தியானம் ரேக் அடுக்கறேன். பன்னண்டு மணிக்குள்ள அனுப்பு. இல்லைன்னா அந்த இடத்துல அப்பளம் வெச்சுடுவேன்."

சந்திரா வேலை வீட்டில் இருப்பாள். பட்டன் மொபைலைப் பைக்குள் போட்டுப் பையை ஆணியில் மாட்டியிருப்பாள். இரண்டு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

கட்டிங் டேபிளில் கொஞ்சம் இடம் ஒதுக்கி மொபைலை வைத்தேன். க்ளிப்பை இரண்டு விரலால் கிள்ளிச் சுருக்கி, முழுப் பட்டியும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். துணியை அப்படித்தான் முதலில் முழுசாகப் பார்ப்போம். நான் விரல் தூக்கிய இடத்தைக் கண்டுபிடித்தேன். விரல் நிழல் சுவரில் விழுந்திருந்தது. அதற்கு முன்னால் ஓரத்தில் அரை இஞ்ச் விட்டு ட்ரிம் செய்தேன். விரல் இறக்கிய இடத்துக்குப் பின்னால் அரை இஞ்ச் விட்டு மறு ஓரம். ஐந்து க்ளிப்பும் இப்படித்தான்.

குத்துமதிப்பாக இல்லை. இரும்பு ஸ்கேலை மொபைல் மேல் வைத்து அளந்தேன்.

பட்டியைக் கிள்ளிச் சுருக்கினால், அரை இஞ்சுக்குள் பத்துப் பதினைந்து நொடி அடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அரை இஞ்ச் அரை இஞ்ச்தானே.

ஓட்டிப் பார்த்தேன். சுற்றி எட்டு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மொபைலைக் காதில் வைத்தால் படம் தெரியாது. கண்ணுக்கு நேரே வைத்தால் சத்தம் கேட்காது. படத்தை மட்டும் பார்த்தேன். உளுந்து பொன்னிறமாக இருந்தது. சட்டி பளபளத்தது. சந்திரா காணாமல் போகவில்லை. முதலிலிருந்து கடைசி வரை வாய் அசைந்துகொண்டே இருந்தது. போதாதா.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பினேன்.

நீல டிக்

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். சந்திரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சத்தத்தை முழுசாக வைத்தாள்.

வீடியோ ஆரம்பித்தது. சந்திரா சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே பேசினாள்.

"மாமிக்கு வீடியோ வேணுமாம்லா, வீடியோ. பதினோரு வருசமா அவ கடையில வாங்குதேன், நான் கேட்டேனா? மேல் தட்டுல தூசி விரக்கடை கனத்துக்குக் கெடக்கு. பொட்டுக்கடலை பாக்கெட்ட எடுத்தா கை கரியாப் போவுது. நம்ம சட்டி சுத்தமான்னு பாக்கணுமாம். தாராவின்னா மூக்கப் பொத்த வேண்டியது. பொடின்னா மட்டும் வாயத் தொறக்க வேண்டியது."

சுவரில் விரல் நிழல் விழுந்தது.

"வணக்கம் மாமி! நான் சந்திரா பேசுறேன்" என்றாள் தேன் மாதிரி.

நான் சந்திராவைப் பார்க்கவில்லை. மொபைலைப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

"சிரிச்சது போதுமா? தாடை வலிக்கி."

மிளகாய் வந்தது. "நீங்க இருமாதிய, காமிரா ஆடுது. லுங்கிய எறக்கி விடுங்க. எவர்சில்வர் டப்பால உங்க முழங்காலு தெரியுது. மாமி பொடியப் பாப்பாளா, முழங்காலப் பாப்பாளா?"

உப்பு வந்தது. முக்கியமான விஷயமும் வந்தது. கல்லுப்பைத் தனியாக வறுத்துப் போட வேண்டும், பொடி கெடாது. நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முன்னால் பத்து நொடி, செவுரோடு குடும்பம் நடத்துவதைப் பற்றி ஏதோ சொன்னாள். செவுரு நான்.

கடைசியில் பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. விரல் இறங்கிவிட்டது. சந்திரா பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இது மட்டும் அங்க போயிருச்சுன்னா, ஒரு நாளு சாமான் வாங்காம சும்மா போயி நின்னு பாத்துட்டு வரணும்."

வீடியோ முடிந்தது. மூன்றரை நிமிஷம்.

மலருக்குப் போன் போட்டேன். அவளுக்கும் ஒன்று அனுப்பியிருந்தேன். எடுத்தவுடன் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"எப்பா, யாரு உங்கள ஓரம் விடச் சொன்னது?"

"தையலுக்கு அரை இஞ்ச் வேணும்லா."

"இஞ்ச்சா? வீடியோவுல ஏதுப்பா இஞ்ச்? எல்லாம் செகண்டு!" பிறகு கேட்டாள். "மாமி பாத்துட்டாளா? டிக் என்ன கலரு?"

பார்த்தேன். நீலம்.

"அப்ப டெலிட் பண்ணியும் புண்ணியம் இல்ல."

அங்கே வளைந்த அம்பு கிடையாது.

சந்திரா 'இடது கை' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எழுந்து ஏணியில் ஏறி மாலாவுக்குப் போனாள். நாற்பது தடவை பார்த்த அதே ஏணிதான்.

மூன்று நாள்

மூன்று நாள் அவள் பேசவில்லை.

சோறு வந்தது. குழம்பு வந்தது. பேச்சு வரவில்லை. வீட்டில் ஃபேன் சத்தம் அவ்வளவு பெரிதென்று அன்றுதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் நான் பேசினேன்.

"இன்னைக்கு வெயிலு" என்றேன்.

சந்திரா குழம்பை ஊற்றினாள்.

"நேத்தும் வெயிலுதான்" என்றேன்.

அதற்கு மேல் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் முப்பத்தொரு வருஷமாக இதை எப்படிச் செய்தாள் என்று யோசித்தேன். சுவரோடு பேசுவது கஷ்டமான வேலைதான்.

வேலை வீட்டுச் சாமானை அவள் வேறு கடையில் வாங்குகிறாள் என்று தெரிந்தது. பையில் வேறு கடைப் பெயர் இருந்தது. அது சர்க்கிள் ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம். பாரத்தைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிஷம் கூடுதலாக நடக்க வேண்டும். மாலாவில் பாக்கெட்டுகள் ஒரு துணிக்குக் கீழே இருந்தன.

"நான் போயி மாமிட்ட பேசட்டா?" என்று கேட்டேன்.

அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க? பேசவா?" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மேல் தட்டு

நாலாம் நாள் சாயங்காலம் மாமியிடமிருந்து பதில் வந்தது. எழுத்து இல்லை, குரல் இல்லை. வீடியோ.

"நீங்களே பாருங்க. எனக்கு வேண்டாம்" என்றாள் சந்திரா. சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு ஸ்டூல் தெரிந்தது. பிறகு மாமியின் கை. கையில் ஈரத் துணி. துணி ஒரு ரேக்கின் மேல் தட்டைத் துடைத்தது. துடைத்த துணி திரும்பி எங்களைப் பார்த்தது. கரியாக இருந்தது.

"பாத்துக்கோ சந்திரா. மேல் தட்டு. நானே ஏறித் தொடச்சாச்சு. முட்டி கழண்டு போச்சு." மூச்சு வாங்கியது. "அப்பளத்தைக் கீழ எறக்கிட்டேன். இருபது பாக்கெட் கொண்டு வா. லேபிள் ஒட்டிண்டு வரணும். ஆச்சு, அவ்ளோதான்."

நான் மூச்சு விட்டேன். சந்திரா விடவில்லை. ஏனென்றால் வீடியோ நிற்கவில்லை.

மாமி மொபைலைக் கல்லாவில் மல்லாக்க வைத்துவிட்டார் போலிருக்கிறது. திரையில் சீலிங் ஃபேன் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு சத்தம். மாமி நிறுத்திவிட்டதாக நினைத்து, கடைக்குள் யாரிடமோ பேசினார்.

"வாய்னா வாய், அப்படி ஒரு வாய். ஆனா அவ சொன்னதுல என்ன தப்பு? பதினோரு வருஷமா இந்தக் கடைக்கு வந்துண்டிருக்கா. பேரு சந்திராவாம். வீடியோவுல அவ சொல்லித்தான் நேக்குத் தெரியறது."

டக். டக். ஃபேன் இரண்டு சுற்று சுற்றியது. "அந்த முழங்கால்காரர் யாரு, ஆத்துக்காரரா?" என்றார் மாமி. அதோடு முடிந்தது.

சந்திரா சிரித்தாள். மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். சேலைத் தலைப்பு நனைந்தது.

"வெட்டுங்க" என்றாள்.

"எத?"

"முன்பக்கத்த எடுத்துருங்க. ஃபேன் சுத்துததுல இருந்து எனக்கு வேணும்."

க்ளிப்பைத் தொட்டேன். ஃபேன் வரும் இடத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். கத்தரிக்கோலை அழுத்தினேன். இரண்டாகப் பிரிந்தது. மாமி ரேக்கைத் துடைத்த துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஆர்டர் கொடுத்ததும் அதோடு போயிற்று. ஃபேனும் அந்தப் பேச்சும் மட்டும் மிச்சம்.

"முழங்காலயும் வெட்டிரட்டா?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும். ஓரத்துக்கு வேணும்லா" என்றாள்.

பேர்

அடுத்த வாரம் சனிக்கிழமை இருபது பாக்கெட்டையும் பையில் அடுக்கி நான் தூக்கிக்கொண்டேன். பச்சை லேபிள். அச்சகத்தில் எழுத்தைக் கொஞ்சம் சாய்வாக அடித்துவிட்டார்கள். ஒட்டும்போது ஸ்கேல் வைத்து நேராக்கினேன். சந்திரா பாலத்தில் எனக்கு முன்னால் நடந்தாள். நான் பேன்ட் போட்டுக்கொண்டேன்.

கடையில் மூன்று நாலு பேர் நின்றார்கள். சந்திரா சீட்டை நீட்டவில்லை. கல்லாவுக்கு நேராகப் போனாள்.

"வா சந்திரா" என்றார் மாமி.

"வாரேன் மாமி. ஒரு விசயம் கேக்கணும்."

"கேளு."

"பதினோரு வருசமா வாரேன். உங்க பேரு என்னன்னு எனக்கும் தெரியாது."

மாமி நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். கல்லா மேல் இருந்த மொபைலைப் பார்த்தார். மேலே ஃபேனைப் பார்த்தார்.

"ஐயையோ! அதுவும் வந்துடுத்தா?"

"வந்துட்டு. எங்க வீட்டுக்காரர்ட்ட குடுத்தா வெட்டித் தருவாரு. ஆனா ரெண்டு பக்கமும் விட்டுத்தான் வெட்டுவாரு."

மாமி சிரித்த சிரிப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சந்திராவின் பக்கம் குனிந்து பேரைச் சொன்னார். சந்திரா ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேருதான்" என்றாள்.

பாக்கெட்டுகளைச் சந்திராவே ஸ்டூலில் ஏறி அடுக்கினாள். மேல் தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலைப் பார்த்துக்கொண்டாள். மாமியும் அதைப் பார்த்தார். கீழே இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்று ஒரு சாமானும் வாங்கவில்லை. சும்மா நின்று பார்த்தாள்.

கிளம்பும்போது மாமி என்னைக் கூப்பிட்டார். இந்தப் பத்திரிகை அவர் கல்லாவில்தான் கிடக்கிறது.

"நீங்கதானே அந்தத் தொடர் எழுதறவர்? தூசியைப் போட்டுக்கோங்கோ, முட்டியைப் போட்டுக்கோங்கோ. என் பேரை மட்டும் போடப்படாது."

அதை மட்டும் வெட்டிவிட்டேன். ஒட்ட வெட்டினேன். ஓரம் விடவில்லை.